உப்பு, கடுக்காய், கடற்பாசி: தோல் நிலத்தில் நுண்ணுயிரியல் கற்றல்

வேலூர்க் கோட்டையை அடுத்திருக்கும் லாங் பஜார் போன்றதொரு பழைய கடைவீதியில் மளிகையும் நாட்டுமருந்தும் வாங்கச் செல்வோர், உப்பு, சுண்ணாம்பு, கடுக்காய், கடற்பாசி ஆகிய நான்கு பொருள்களையும் பலமுறை கண்டிருப்பர். முதல் மூன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிலோடு தொடர்புடையவை. நான்காவது, ரமலான் மாதத்தில் நம் வீட்டு இஃப்தார் விரிப்பில் இடம்பெறும் குளிர்ந்த இனிப்பு. கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடத்தை முதன்முதலாகத் தொடங்கும் மாணவர் கற்கவேண்டிய அடிப்படைகளில் பெரும்பகுதி இந்த நான்கு பொருள்களுக்குள் அடங்கியிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கலாம்.

நுண்ணுயிரியல் என்பது மேல்நாட்டிலிருந்து வந்து நம்மீது ஏற்றப்பட்ட பாடம் என்றே நம்மில் பலர் கருதுகிறோம். மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் எடுக்கும் பட்டப்படிப்பு என்று அதைக் குறைத்து மதிப்போரும் உண்டு. அந்த அறிவின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் தோலும் ஆடுமாடுகளும் தோல் தொழிலாளரும் அதன் முதற்பக்கங்களிலேயே நிற்பதைக் காண்கிறோம். அதன் பிற்கால அத்தியாயம் ஒன்று வேலூரிலேயே எழுதப்பட்டது. அதை எழுதியவர்களுள் ஒருவர் ஒரு மாணவி.

பதனிடுதலும் மார்க்கச் சட்டமும்

அன்னை மைமூனா (ரலி) அவர்களிடம் அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஒரு பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துப்போயிற்று. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்தது என்று அங்கிருந்தவர்கள் கூறியபோது, உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. நீரும் ஒருவகைக் கருவேலங்காயும் தோலைத் தூய்மையாக்கும் என்ற கருத்துடைய அறிவிப்பும் உண்டு.

இதிலிருந்து சட்ட அறிஞர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: பதனிடுதல் என்று எதைச் சொல்வது? ஷாஃபிஈ மத்ஹபில் வெயிலில் உலர்த்துவதும் மண்ணில் புரட்டுவதும் போதா. துவர்ப்பும் காரமும் உடைய பொருளால் தோலில் எஞ்சிய ஈரமும் கசடும் நீக்கப்பட வேண்டும். அதன்பின் தோலை மீண்டும் நீரில் ஊறவைத்தாலும் அழுகலும் நாற்றமும் திரும்பக் கூடாது. ஹனஃபி மத்ஹபிலோ உப்பிடுவதும் வெயிலில் உலர்த்துவதும் பதனிடுதலின் வகைகளாக ஏற்கப்பட்டன. தமிழகத்தில் இவ்விரு மத்ஹபுகளையும் பின்பற்றுவோர் அருகருகே வாழ்கிறோம்.

இந்தச் சட்ட விவாதத்தில் யாருடைய தரப்பு வென்றது என்று காட்ட அறிவியலை அழைப்பது நம் நோக்கமன்று. மார்க்கம் பேசும் தூய்மை வேறு, ஆய்வகம் பேசும் நுண்ணுயிர் நீக்கம் வேறு. தொழுகைக்குத் தகுதியான துணியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கலாம். நுண்ணுயிர் எதுவுமற்ற பொருள் மார்க்கப்படி அசுத்தமாக இருக்கலாம். ஆயினும் அந்த அறிஞர்கள் கேட்ட ஒரு கேள்வி, இன்றைய வகுப்பறையிலும் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியாக இருக்கிறது. நாற்றம் நின்றுவிட்டது, சரி. நீர் பட்டால் அது திரும்புமா?

உப்பு நிறுத்தியது, கடுக்காய் முடித்தது

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குகிறது. தோலிலும் சாணத்திலும் மண்ணிலும் இருந்த பாக்டீரியாக்கள் ஈரத்தையும் புரதத்தையும் பற்றிக்கொண்டு பெருகுகின்றன. தகுந்த சூழல் வாய்த்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும். வகுப்பில் பலகையில் கணக்கிட்டுக் காட்டப்படும் இந்தப் பெருக்கத்தைத் தோல் மண்டிக்காரர் நாற்றத்தாலும் நட்டத்தாலும் அறிந்திருந்தார்.

ஆகவே உப்பு தூவினார்கள். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீரின்றிப் பாக்டீரியா வளர முடியாது. ஆனால் வளராமல் நிற்பது சாவு ஆகாது. ஊறவைக்கும் தொட்டியில் உப்பு கரைந்ததும் எஞ்சியிருந்தவை மீண்டும் பெருகும். மேலும், சில நுண்ணுயிர்களுக்கு உப்பே வாழ்விடம். கடலுப்பிட்டு அடுக்கிய தோல்களில் சில வேளை செந்நிறப் படலம் படர்வதைத் தொழிலாளர் கண்டிருப்பர். உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. பாடநூல் இவற்றை உவர்நாடிகள் என்று வகைப்படுத்துகிறது.

அடுத்தது சுண்ணாம்புக் குழி. அதன் கடுங்காரம் மயிரைத் தளர்த்துகிறது, பெரும்பாலான பாக்டீரியாக்களை அடக்குகிறது. இறுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இவற்றின் துவர்ப்பொருளான டானின், தோலின் கொலாஜன் புரத இழைகளோடு பிணைந்து அவற்றைப் பாக்டீரியாவின் நொதிகளால் எளிதில் சிதைக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. தோல், தோற்பொருளாக மாறுவது இங்குத்தான். இவ்வாறு பட்டையால் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது.

ஐரோப்பியத் தொழிற்சாலைகளிலும் காரணம் அறியாத கைப்பழக்கம் நெடுங்காலம் இருந்தது. மென்தோல் செய்ய நாயின் சாணத்தையும் பறவை எச்சத்தையும் கரைத்து அதில் தோலை ஊறவைத்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் டர்னி வுட் இதனை ஆராய்ந்து, தோலை மென்மையாக்குவதில் பாக்டீரியாக்களுக்கும் நொதிகளுக்கும் உள்ள பங்கை விளக்கினார். ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் கணையத்து நொதிகளைக் கொண்டு அதே வேலையைச் செய்துகாட்டினார். அவர் 1907இல் தொடங்கிய நிறுவனம் அந்த அடித்தளத்தில் வளர்ந்தது. காரணம் தெரிந்ததும் சாணம் தேவையற்றதாயிற்று. அறிவு தொழிலாளியின் கையை அருவருப்பிலிருந்து விடுவித்தது.

அடைப்பான்: கைப்பழக்கம் காட்டாத பகை

கைப்பழக்கத்தால் அறிய முடியாத ஒன்றும் தோலோடு வந்தது. கால்நடைகளைத் திடீரெனச் சாய்க்கும் அடைப்பான் நோய், அவற்றை அறுப்போரையும் உரிப்போரையும் தோலும் மயிரும் கையாள்வோரையும் தொற்றும். தோலில் கருநிறப் பொருக்குடைய புண்ணாகத் தொடங்கும். நுரையீரலையோ மூளையுறையையோ அடைந்தால் உயிரைப் பறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி மயிரைப் பிரிக்கும் தொழிலாளர் இந்நோயால் இறந்தனர். ‘கம்பளி பிரிப்போர் நோய்’ என்றே அது அழைக்கப்பட்டது.

இந்நோயிலிருந்துதான் நுண்ணுயிரியல் முறையான அறிவியலாக எழுந்தது. ஜெர்மனியின் ஓர் ஊரகப் பகுதியில் மருத்துவ அலுவலராயிருந்த இராபர்ட் கோக், நோயுற்ற விலங்கின் இரத்தத்திலிருந்து கோல் வடிவ உயிர்களை எடுத்து, மாட்டுக் கண்ணின் நீரில் வளர்த்து, நுண்ணோக்கியில் தொடர்ந்து கண்காணித்தார். சூழல் கெட்டதும் அவை ஒளிரும் சிறு மணிகளாக மாறுவதைக் கண்டார். அவையே வித்துகள். தகுந்த சூழல் வாய்த்ததும் அவ்வித்துகள் மீண்டும் கோல்களாயின, எலிகளுக்கு அதே நோயைத் தந்தன. 1876இல் அவர் இதனை வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா காரணம் என்பது முதன்முதலாக ஐயமற நிறுவப்பட்டது.

வித்துகள் உலர்வதாலும் உப்பாலும் அழிவதில்லை. மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும். கொதிநீரில் சிறிது நேரம் இட்டாலும் தப்பிப் பிழைக்கும். ஆய்வகத்தில் மாணவர் முதல் வாரத்திலேயே ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தை இயக்கக் கற்பதற்கு இதுவே காரணம். 121 பாகை செல்சியசில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 15 நிமிடம். நம் அடுக்களைப் பிரஷர் குக்கர் இயங்கும் அதே தத்துவம்தான்.

அடைப்பான் ஐரோப்பாவின் பழங்கதையாக முடிந்துவிடவில்லை. தமிழகமும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையூர்களிலிருந்து வந்த அடைப்பான் நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1990களிலும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். செத்த கால்நடையை உரிப்பதும் கையாள்வதும் இந்நோய் பரவும் முக்கிய வழிகள். தானாகச் செத்ததை உண்ணாதிருக்க நமக்கு இறைக் கட்டளையே போதும். உரிப்பவருக்கோ, கால்நடைக்குப் போடவேண்டிய தடுப்பூசியும் கைக்கு உறையும் காலத்தில் பெறவேண்டிய பென்சிலினும் தேவை. அவருடைய உயிரும் நம் பொறுப்பில் உள்ளது.

அடுக்களையிலிருந்து வந்த தட்டு

பாக்டீரியாவைக் கண்டால் மட்டும் போதாது. ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துத் தனியே வளர்க்க வேண்டும். கோக் உருளைக்கிழங்குத் துண்டுகளில் வளர்த்துப் பார்த்தார். பின்பு விலங்கெலும்பிலிருந்து பெறும் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். ஜெலட்டினோ மனித உடலின் வெப்பமான 37 பாகைக்கு முன்பே உருகியது. போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதனைத் தின்று நீராக்கின.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்லர். கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. கோடை வெயிலிலும் உருகாத இனிப்புகளை அவர் கடற்பாசியால் செய்து வந்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு குடும்பத்தாரிடம் அதனைக் கற்றிருந்தார். கணவரின் ஆய்வுக்கு அதையே பரிந்துரைத்தார். ஏறத்தாழ 85 பாகையில் உருகி, 40 பாகைக்குக் கீழே உறையும் அந்தப் பொருளைப் பெரும்பாலான பாக்டீரியாக்களால் உண்ணவும் முடியாது. அகார் எனப்படும் அது மலாய் மொழிச் சொல். நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்த தீவுகளின் சொல். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிய கோக்கின் புகழ்பெற்ற அறிக்கையில் அகார் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. 1884இல் கிறிஸ்டியன் கிராம் சாயமேற்றும் முறையைத் தந்தார். 1887இல் ஜூலியஸ் பெட்ரி மூடியுள்ள வட்டத் தட்டை அறிமுகப்படுத்தினார்.

இன்று முதலாண்டு மாணவர் செய்வது இந்த ஆண்டுகளின் தொகுப்பையே. கண்ணாடிச் சில்லில் சிறிது மாதிரியைப் பரப்பி, தீயில் இலேசாகக் காட்டி ஒட்டவைக்கிறார். ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், செஞ்சாயம் என்று வரிசையாக இடுகிறார். தடித்த சுவருடைய பாக்டீரியா ஊதா நிறத்தைத் தக்கவைத்துக் கொள்ளும், மற்றது இளஞ்சிவப்பாகும். அடைப்பான் கிருமி ஊதாக் கோலாகத் தெரியும். குடலில் வாழும் ஈ. கோலை இளஞ்சிவப்பாகத் தெரியும். எந்த மருந்து பயன்படும் என்ற சிந்தனை இந்த நிற வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறது.

மற்றொரு பயிற்சி எல்லாருக்கும் நினைவில் நிற்பது. அகார்த் தட்டின் ஒரு பாதியில் கழுவாத விரலையும் மறுபாதியில் சோப்பிட்டுக் கழுவிய விரலையும் பதிக்க வேண்டும். 37 பாகையில் ஒரு நாள் வைத்து எடுத்தால், தூய்மையாய்த் தோன்றிய விரலின் தடத்தில் புள்ளி புள்ளியாகக் குடியிருப்புகள் எழுந்திருக்கும். கழுவிய பக்கத்திலும் சில இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகாது. நுண்ணுயிரியலின் முதற்பாடமும் முடிவான பாடமும் இதுதான்.

காட்பாடியில் இறங்கிய பனிப்பெட்டி

இந்தப் பாடம் ஒரு நாட்டின் நம்பிக்கையையே திருத்திய நிகழ்ச்சி வேலூரில் நடந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1980களில் அங்கு டி. ஜேக்கப் ஜான் தலைமையில் நச்சுயிரியல் ஆய்வகம் இயங்கியது.

அமெரிக்காவில் 1981இல் எய்ட்ஸ் நோய் விவரிக்கப்பட்டது. அது மேல்நாட்டாரின் ஒழுக்கக்கேட்டால் வரும் நோய், நம் நாட்டில் இராது என்றே இங்குப் பலரும் நம்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்ற செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் அறிவுரைப்படி, சென்னையில் அந்நோய்த் தொற்று உள்ளதா என்று ஆராய்வதைத் தம் பட்ட ஆய்வாக ஏற்றார். தடுப்புக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் சென்று இரத்த மாதிரிகள் பெற்றார். சீரத்தைப் பிரித்து, வேறிடம் இல்லாமையால் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் மாதிரிகளைப் பனிப்பெட்டியில் வைத்து இரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் ஆய்வகத்தை அடைந்தனர். எலைசா எனப்படும் அச்சோதனையில் கிருமியின் புரதம் பூசிய சிறு குழிகளில் சீரம் இடப்படும். அக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அது புரதத்தோடு பற்றிக்கொள்ளும். அடுத்துச் சேர்க்கும் நொதி நிறத்தை உண்டாக்கும். தோலை மென்மையாக்கிய நொதிகளின் இனத்தைச் சேர்ந்த பொருளே இங்கு நிறம் காட்டி உண்மை சொல்கிறது. அன்று ஆறு மாதிரிகள் மஞ்சளாயின.

முதல் முடிவை அவர்கள் அப்படியே ஏற்றுவிடவில்லை. மீண்டும் சோதித்தனர். வேறு முறையில் உறுதிசெய்ய அமெரிக்காவுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அங்கும் அதே விடை கிடைத்தது. 1986 மே மாதத்தில் அன்றைய நலவாழ்வு அமைச்சர் எச். வி. ஹண்டே தமிழகச் சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இவ்வாறுதான். இரத்த வங்கிகளில் சோதனையும் 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் பின்னர் வந்தன. நிர்மலா 1987இல் ஆய்வேட்டை அளித்துத் தேர்ச்சி பெற்றார்.

தன்னைப் பற்றிய நல்லெண்ணமே ஒரு சமுதாயத்துக்குத் திரையாகிவிடக் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. நம் ஊரில் இராது, நம் குடும்பத்தில் இராது என்ற சொல் சோதனைக்கு மாற்றாகாது. எவரைச் சமுதாயம் இழிவாக நோக்கியதோ, அவர்களுடைய இரத்தமே கோடிக்கணக்கானோருக்கு எச்சரிக்கையாயிற்று. நோயுற்றவரை இழித்துப் பேசுமுன் நாம் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பாலாற்றின் பாடம்

தோல் தொழில் நமக்குச் செல்வம் தந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும் மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் எழுந்தன. இக்கல்வி நிலையங்களுக்குப் பின்னே இப்பகுதி வணிகர்களின் கொடை நிற்கிறது. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற அத்தீர்ப்பு துணைநின்றது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைத் தூய்மையாக்கும் பணியில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. காற்றூட்டிய தொட்டியில் அவை கரிமக் கழிவைத் தின்று தீர்க்கின்றன. தோலைக் கெடுக்கும் அதே இயல்பு இங்குத் துப்புரவாகிறது. ஆனால் உப்பைப் பாக்டீரியாவால் தின்ன முடியாது. தோலைக் காக்க நாம் தூவிய உப்பு, நொதித்தலையும் சுத்திகரிப்பையும் கடந்து, நிலத்தடி நீருக்கே சென்று சேர்கிறது. தெளிந்து தோன்றும் நீரில் உப்பு கரைந்திருப்பதை நாவும், குரோமியம் இருப்பதை ஆய்வகமும்தான் அறிவிக்கும். உப்பின் அளவைக் குறைத்துத் தோலைக் காக்கும் வழியையும் நொதிகளால் மயிர் நீக்கும் வழியையும் சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை ஆராய்ந்து வருகின்றன. அந்தப் பணிக்கு இந்த மண்ணின் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நுண்ணுயிரியல் பயில விரும்பும் மகனையோ மகளையோ, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தளர்த்திவிடாதீர்கள். பாட்டனார் குழியில் கைவிட்டு அறிந்ததைப் பேத்தி தட்டில் வளர்த்து அறிகிறாள், அவ்வளவே. அவர் அறிய முடியாமற்போன காரணத்தையும் அவள் அறிகிறாள். உளூவுக்கு எடுக்கும் நீர், அடுத்த வீட்டார் குடிக்கும் கிணறு, தோல் உரிக்கும் தொழிலாளியின் கை, மருத்துவமனையில் ஏற்றப்படும் இரத்தம் ஆகிய அனைத்தின் பாதுகாப்பும் அவள் கற்கும் அந்த அறிவைச் சார்ந்திருக்கிறது. பயன்தரும் கல்வியை இறைவனிடம் கேட்கும் சமுதாயம் நாம். அக்கல்வி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதனை வரவேற்பதும் அந்த இறைஞ்சுதலின் ஒரு பகுதியே.